உங்களுக்குத் தெரியுமா? மின்மினி பறக்கவிட்டு நாடகத்துக்கு வழிகாட்டிய பார்வையாளர்கள்

2021 மார்ச்சில் நடந்த ஒரு நாடகத்தில், இருண்ட காட்டில் குறும்புத் தேவதை ‘பக்’குக்கு வெளிச்சம் காட்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த ரசிகர்கள்!

• இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி இணையத்தில் நேரலையாக நடத்திய ‘ட்ரீம்’ அது. டிக்கெட் எடுத்தவர்கள் தங்கள் திரையிலிருந்தே மின்மினிகளைப் பறக்கவிட்டார்கள். நடிகர்கள் இருந்ததோ போர்ட்ஸ்மவுத் நகரில், ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர் இடத்துக்குள். அசைவைப் பதிவுசெய்யும் உடை அணிந்திருந்தார்கள். அவர்கள் அசைந்தால் திரையில் பாத்திரமும் அசையும். இசைகூட அதற்கேற்ப மாறியது.

• இணைய நாடகம் அதைவிடப் பழையது. 1993 டிசம்பரிலேயே ஐஆர்சி அரட்டை அறையில் ‘ஹாம்னெட்’ அரங்கேறியது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தின் கேலி வடிவம். படமில்லை, குரலில்லை; எல்லாம் தட்டச்சு எழுத்து.

• பேரிகை, ஓசூர் வாசகர்களுக்கு நாடகத்துக்குள் நுழையும் பார்வையாளர் அந்நியரல்லர். கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்துப் பாரதக் கூத்தில் தபசு மரம் ஏறும் அர்ச்சுனன் மேலிருந்து போடும் பூவையும் பழத்தையும், குழந்தை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையில் ஏந்துகிறார்கள். எந்த மின்மினியும் இந்த நெருக்கத்தை எட்டவில்லை என்றே சொல்வேன்.

• மேற்கு வங்கத்தின் ‘ஜன சங்கிருதி’ குழு 1985-இல் சுந்தரவனப் பகுதியில் பிறந்தது. இவர்களின் நாடகத்தைப் பார்வையாளர் பாதியில் நிறுத்தலாம்; மேடையேறி, நடிகரின் இடத்தில் நின்று, கதையை வேறு வழியில் நடத்திப் பார்க்கலாம். வரதட்சணை, சாராயம் பற்றிய நாடகங்களும் அப்படி நடந்திருக்கின்றன.