வலையில் சிக்கியவை – 14: கெண்டியில் காபி கேட்காதே

இந்த வாரம் புறா என்று சொல்லியிருந்தேன். போன வாரம் 404-ல் நிறுத்தினோம், கேட்ட பக்கம் காணோம் என்று வருமே, அது. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

புறாவுக்குப் போகிற வழியில்தான் 418 மறித்துக்கொண்டது. 404-க்கு உடன்பிறப்புகள் நிறைய. 403 வந்தால் உள்ளே விடமாட்டார்கள். 410 என்றால் இருந்தது, போய்விட்டது, இனி வராது. எல்லாம் வாயிற்காப்போன் பேச்சு. அந்த வரிசையில் 418-க்கு என்ன பொருள் தெரியுமா? 'நான் ஒரு தேநீர்க் கெண்டி.' நானும் முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். விளையாட்டுத்தான். ஆனால் முறைப்படி எண் போட்டு, கோப்பில் ஏற்றிய விளையாட்டு.

இணையத்தின் சட்டதிட்டங்கள் எல்லாம் ஆர்.எஃப்.சி. என்ற சுற்றறிக்கைகளில் இருக்கின்றன. பெயருக்கு அர்த்தம் 'கருத்துச் சொல்லுங்கள்' என்பதுதான். முதலாவது 1969 ஏப்ரல் 7 தேதியிட்டது. எழுதிய ஸ்டீவ் கிராக்கர் அப்போது கலிபோர்னியாவில் மாணவர். மாணவப் பயல்கள் சட்டம் போடுவதா என்று பெரியவர்கள் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில்தான் இவ்வளவு பணிவான பெயர். தங்கியிருந்த வீட்டில் நண்பர்கள் தூக்கம் கெடக் கூடாதென்று குளியலறையில் உட்கார்ந்து எழுதினாராம். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் சுற்றறிக்கை வந்தும் அந்தப் பணிவான பெயரை யாரும் மாற்றவில்லை.

இந்தச் சுற்றறிக்கை எழுதுகிற கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏப்ரல் முதல் தேதி வந்தால் ஒரு போலிச் சுற்றறிக்கை விடுவார்கள். 1998-ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்த லாரி மாசிண்டர் விட்டது 2324-ஆம் எண். காபி மெஷினை வலை வழியாக இயக்குவதற்கான விதிமுறை. நம் ஊர் அலுவலகக் கடிதத்தில் 'பொருள்', 'பார்வை' என்று போட்டுத் தொடங்குவோமே, அந்த முகத்தோடு, ஒரு சிரிப்பு வெளியே தெரியாமல் கடைசி வரை எழுதியிருக்கிறார். என்ன பால், என்ன பாகு, விஸ்கியா ரம்மா என்று பட்டியல் இருக்கிறது. காஃபின் நீக்கிய காபிக்கு மட்டும் இடமில்லை. அதைக் குடித்து என்ன பயன் என்று விட்டுவிட்டார். பாதுகாப்பு என்ற பகுதியில், காலைக் காபிக்குக் குறுக்கே வருகிறவர்களுக்கு ஒரு மிரட்டல்.

எனக்கு மிகவும் பிடித்தது பாலை நிறுத்தும் கட்டளை. மெஷின் பாலை ஊற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் 'போதும்' என்று சொல்கிற கணத்தில் நிறுத்த வேண்டும். அதற்கென்று தனிக் கட்டளையே வகுத்திருக்கிறார். என் சித்தி வீட்டில் இந்தக் கட்டளை செல்லாது. இலையின் மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்தாலும் விரல் இடுக்கு வழியாக ரசம் வந்துவிடும்.

காபி என்ற சொல்லைப் பல மொழிகளில் அடுக்கி, எதில் கேட்டாலும் செல்லும் என்கிறது அதே ஆவணம். இந்தி இருக்கிறது, வங்காளி இருக்கிறது, தமிழைக் காணோம். டிகாக்‌ஷன் இறங்கும் வரை பில்டரை முறைத்துக்கொண்டு நிற்கிற ஜனத்தை விட்டுவிட்டு என்ன பட்டியல் அது?

கெண்டி வருவது இங்கேதான். காபி போடச் சொல்லித் தேநீர்க் கெண்டியிடம் கேட்டால் அது என்ன செய்யும்? 418 என்று பதில் சொல்லும். அவ்வளவுதான் விஷயம்.

மெஷின் மட்டும் கற்பனை இல்லை. மாசிண்டர் கடைசியில் கொடுத்த மேற்கோள்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் காபி ஜாடி இருக்கிறது. அங்கே ட்ரோஜன் அறை என்று ஓர் அறை. ஜாடி அதன் அருகே. ஆய்வாளர்களோ பல மாடிகளில் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். படியிறங்கி வந்து பார்த்தால் ஜாடி காலி. 1991-ல் இரண்டு பேர் ஜாடிக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 128-க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை, நிமிஷத்துக்கு மூன்று படம். இருந்த இடத்திலேயே காபி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 1993 நவம்பரில் அந்தப் படத்தை வலையில் ஏற்றினார்கள். உலகமே எட்டிப் பார்த்தது. இரவில் இருட்டாகத் தெரிகிறது, விளக்கை அணைக்காதீர்கள் என்று ஜப்பானிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு படியிறங்கச் சோம்பல் பட்டதில் பிறந்ததுதான் வலையின் முதல் கேமரா. 2001 ஆகஸ்ட் 22-ல் அதை நிறுத்தினார்கள். கடைசிப் படத்தில் சுவிட்சை அணைக்கும் விரல்கள் தெரியும். பழுதான மெஷினை ஏலம் விட்டதில் ஜெர்மனியின் ஷ்பீகல் இதழின் இணையப் பிரிவு 3,350 பவுண்டு கொடுத்து வாங்கியது. பழைய சாமான் கடைக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம், விலையை ஏற்றிவிடுவார்.

கெண்டிக்கு 2017-ல் ஆபத்து வந்தது. விதிமுறைக் குழுவின் தலைவர் மார்க் நாட்டிங்ஹாம், எண்கள் வீணாகின்றன, நிஜமான தேவைக்கு வேண்டியிருக்கும், இதை எடுத்துவிடுங்கள் என்று மென்பொருள்காரர்களைக் கேட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் 15 வயதுப் பையன் ஒருவன் '418-ஐக் காப்போம்' என்று தளமே தொடங்கிவிட்டான். பெரியவர்கள் அவன் பின்னால் திரண்டார்கள். கடைசியில் குழு இறங்கி வந்தது. 2022 ஜூனில் வந்த 9110-ஆம் ஆவணத்தில் 418-க்கு எதிரே 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கு வேறு யாருக்கும் அந்த எண்ணைப் பட்டா போட முடியாது.

அதே ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபோது, ரஷ்ய ராணுவத்தின் இணையதளத்தை வெளிநாட்டிலிருந்து திறந்தவர்களுக்கு 418 வந்தது. 403 போட்டிருந்தால் போதும். யாரோ ஒருவர் வேண்டுமென்றே கெண்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டு தேர்ந்தெடுத்தாரா என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் குளிர்கிறது.

உதவி ஆசிரியர் மூன்றாவது முறை போன் செய்துவிட்டார். பக்கம் முடிந்தது. புறா அடுத்த வாரம்: நார்வேயின் பெர்கன் நகரில் 2001-ல் புறாக் காலில் கட்டி அனுப்பிய ஒன்பது இணையச் செய்திகளில் நான்குக்குப் பதில் வந்த கதை.

(தொடரும்)