பெரிட்டின் அளவும் உடலின் இரும்புச் சேமிப்பும்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'பெரிட்டின்' என்னும் பெயருக்கு எதிரே காணப்படும் எண், உடலில் எவ்வளவு இரும்பு சேமிப்பில் உள்ளது என்பதைக் குறிப்பதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எண் மிகக் குறைந்திருக்கும்போது இக்கருத்து ஐயமின்றிப் பொருந்தும். எண் மிகுந்திருக்கும்போதுதான் பொருள் கொள்வதில் தவறு நேர்கிறது. கோவிட் நோய் பரவிய 2020, 2021 ஆம் ஆண்டுகளில் இப்பரிசோதனை மருத்துவமனைகளில் ஏராளமாகச் செய்யப்பட்டது. ஆயிரத்தைத் தாண்டிய எண்ணைக் கண்டவர்களுக்கு, நோயாளியின் உடலில் இரும்பு மிதமிஞ்சிவிட்டதோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் அங்கே மருத்துவர்கள் அவ்வெண்ணைக் கொண்டு அளக்க முயன்றது இரும்பை அன்று, நோயின் கடுமையையே.

இஃது எவ்வாறு என்பதை அறிய, இரும்பின் வரவு செலவை முதலில் நோக்க வேண்டும். வளர்ந்த மனிதனின் உடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உண்டு. அதில் பெரும்பகுதி இரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினாக இருக்கிறது. உணவிலிருந்து நாள்தோறும் 1 அல்லது 2 மில்லிகிராமே உடலில் சேர்கிறது. ஏறக்குறைய அதே அளவு தோல், குடல் முதலியவற்றிலிருந்து உதிரும் அணுக்களுடன் வெளியேறுகிறது. அதற்கு மேல் சேர்ந்த இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி எதுவும் இல்லை. வரவைத் தடுக்கலாமேயன்றிச் செலவைக் கூட்ட இயலாது.

மிஞ்சிய இரும்பு பெரிட்டின் என்ற புரதத்தினுள் அடைக்கப்படுகிறது. 24 துணுக்குகளால் ஆன உள்ளீடற்ற இவ்வுருண்டை, சுமார் 4,500 இரும்பு அணுக்களை ஏற்கவல்லது. 1937-ல் செக் நாட்டு விஞ்ஞானி லாஃப்பெர்கர் இதனைக் குதிரையின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்தார். இரத்தத்தில் மிகச் சிறிதளவே உள்ள பெரிட்டினை அளக்கும் முறை 1972-ல்தான் வெளியாயிற்று.

கல்லீரலும் மண்ணீரலும் நெற்குதிர்கள் என்றால், இரத்தத்திலுள்ள பெரிட்டின் குதிரைச் சுற்றிச் சிந்திக்கிடக்கும் மணிகளைப் போன்றது. குதிர் நிறைந்திருந்தால் சிந்தலும் மிகும். வெறுமையானால் சிந்தலும் குறையும். ஆனால் குதிரை யாரேனும் உலுக்கினாலும் மணிகள் சிதறும் அல்லவா? கிருமித்தொற்று, நாட்பட்ட அழற்சி, மதுவினாலோ கொழுப்பினாலோ நேரும் கல்லீரல் கேடு ஆகியவை அவ்வாறு உலுக்குபவை. மேலும், சுரத்தின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரந்து, இரும்பைச் சேமிப்பை விட்டு வெளிவராமல் பூட்டிவிடுகிறது. கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் தற்காப்பாக இது கருதப்படுகிறது. டெங்குச் சுரத்தில் பெரிட்டின் எண் பல ஆயிரத்தை எட்டுவதும் உண்டு.

இக்குழப்பத்தை ஒரு பெரிய கணக்கெடுப்பில் எவ்வாறு தவிர்ப்பது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2016 முதல் 2018 வரை மத்திய சுகாதார அமைச்சகம், யுனிசெஃப், பாப்புலேஷன் கவுன்சில் ஆகியவை இணைந்து 'விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு' ஒன்றை நடத்தின. பாப்புலேஷன் கவுன்சிலின் அலுவலகம் அப்போது புது தில்லி லோதி ரோடிலுள்ள இந்தியா ஹாபிடாட் சென்டரில் இருந்தது. சுமார் 1,12,000 குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் பற்றிய விவரங்கள் திரட்டப்பட்டன. அவர்களில் சுமார் 51,000 பேரிடமிருந்து இரத்தம் முதலிய மாதிரிகள் பெறப்பட்டன. பெரிட்டினோடு, அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதமும் அளக்கப்பட்டது. அப்புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களின் பெரிட்டின் எண் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவ்வாறு வடிகட்டிய பின் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 32 சதவிகிதத்தினருக்கு இரும்புக் குறைவு இருப்பது தெரியவந்தது. வடிகட்டாது விட்டிருந்தால், சுரத்துடன் இருந்த குழந்தைகள் போதிய இரும்புடையோராகவே தோன்றியிருப்பர்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இவ்வேறுபாட்டை ஏற்கிறது. நலமாயுள்ள வளர்ந்தவர்களுக்கு 15-க்குக் கீழ் இருந்தால் இரும்புக் குறைவு; தொற்றோ அழற்சியோ இருப்பின் 70-க்குக் கீழ் இருந்தாலே குறைவு எனக் கொள்ள வேண்டும். மிகுதிக்கும் அவ்வாறே. நலமாயுள்ள ஆண்களுக்கு 200-க்கு மேலும், மாதவிலக்குடைய பெண்களுக்கு 150-க்கு மேலும் இருப்பின் இரும்பு மிகைப்படும் அபாயம் குறித்து ஆராய வேண்டும். நோயுற்றவர்களுக்கு அவ்வெல்லை 500. இவ்வெண்கள் லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கில் உள்ளவை. சில ஆய்வுக்கூடங்கள் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று எழுதுகின்றன, இரண்டும் ஒன்றே.

எனவே மிகுந்த எண்ணைக் கண்ட மருத்துவர், 'டிரான்ஸ்பெரின் செறிவு' என்ற மற்றொரு சோதனையையும் கேட்பார். இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதம் எந்த அளவு நிரம்பியுள்ளது என்பதை அது சதவிகிதத்தில் காட்டும். செறிவும் 45 சதவிகிதத்தைத் தாண்டினால் மெய்யான மிகையை ஐயுறலாம். தாண்டாவிடில் அழற்சி, கல்லீரல் கேடு போன்ற காரணங்களையே முதலில் தேட வேண்டும். வட ஐரோப்பியரிடையே பரம்பரையாக வரும் இரும்பு மிகை நோய் சாதாரணம். அதற்குக் காரணமான ஜீன் 1996-ல் கண்டறியப்பட்டது. அவர்களிடம் காணப்படும் முக்கிய மாறுதல் இந்தியரிடம் மிக அரிது. ஆதலால் மேல்நாட்டு நூல்களைப் படித்துவிட்டு இங்கே அந்நோயைத் தேடுவது பெரும்பாலும் வீண்.

இங்கு மெய்யான மிகைக்கு முக்கியமான காரணம் தலசீமியா. இந்நோயின் கடுமையான வகையுடைய குழந்தைக்கு இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒரு பை இரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. உணவின் வழியே அவ்வளவு சேர நூறு நாட்களுக்குக் குறையாமல் ஆகும். உயிர் காக்கும் இரத்தமே இரும்பைக் கொண்டுவந்து குவிக்கிறது. அது இருதயத்திலும் கல்லீரலிலும் சுரப்பிகளிலும் படிந்து, வளர்ச்சியைக் குன்றச் செய்து, கவனியாவிடில் இளமையிலேயே உயிரைப் போக்கும். பெரிட்டின் ஆயிரத்தை நெருங்கும்போதே இரும்பை நீக்கும் மருந்து தொடங்கப்படுகிறது. அம்மருந்துகளில் ஒன்றான டெபெரிப்ரோன், வாய்வழி உட்கொள்ளத்தக்கது. முதன்முதலில் அனுமதி பெற்றது இந்தியாவில்தான்.

பள்ளிகளில் வாரந்தோறும் நீல நிற இரும்பு மாத்திரை வழங்கும் ஆசிரியர்க்கும், கிராமங்களில் வழங்கும் ஊழியர்க்கும் இவ்விஷயத்தில் பங்கு உண்டு. 2018-ல் தொடங்கிய 'இரத்தசோகையற்ற பாரதம்' திட்டத்தின் விதிகள், தலசீமியாவின் கடுமையான வகையுடைய அல்லது அடிக்கடி இரத்தம் ஏற்றப்பட்ட குழந்தைக்கு மாத்திரையை நிறுத்திவைக்கக் கூறுகின்றன. சுரம், கடும் பேதி, நிமோனியா ஆகியவற்றின்போதும் நிறுத்த வேண்டும். ஆனால் இது தற்காலிகமே, நோய் நீங்கியபின் மீண்டும் தர வேண்டும். சுரத்தின்போது எடுத்த அறிக்கையில் பெரிட்டின் மிகுந்திருந்தது என்ற ஒரே காரணத்தால், கருவுற்ற பெண்ணோ பள்ளிச் சிறுமியோ மாத்திரையை அறவே கைவிடுவது தவறு. அவர்களை மருத்துவரிடம் அனுப்பும்போது, சோதனைக்கு முன் சுரம் இருந்ததா, எத்தனை முறை இரத்தம் ஏற்றப்பட்டது, குடும்பத்தில் தலசீமியா உண்டா என்ற மூன்று விவரங்களையும் சீட்டில் எழுதி அனுப்பினால், அவ்வெண்ணைப் படிப்பது மருத்துவருக்கு எளிதாகும். சுரம் தணிந்து சில வாரங்கள் கழிந்தபின் செய்யும் மறுசோதனையில் எண் தானே இறங்கிவிடுவது பெரும்பான்மை.