விவாகரத்து ஆனால் விசா என்ன ஆகும்? அமெரிக்க வாழ்க்கைத் துணைகள் கையெழுத்து போடும் முன் அறிய வேண்டியவை

மாப்பிள்ளை அமெரிக்காவில் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். ஜாதகம் பார்த்தாச்சு, சம்பளம் விசாரிச்சாச்சு, சொந்த வீடு இருக்கா என்றும் கேட்டாச்சு. ஆனால் பெண் வீட்டார் பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "பொண்ணு எந்த விசாவில் போகப் போறா?"

கல்யாண வாழ்க்கை நல்லபடியாகப் போகும்வரை இந்தக் கேள்வி யாருக்கும் பெரிதாகத் தெரியாது. உறவு கசந்துபோனால், வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இதுதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஐடி வேலை பார்த்துவந்த ஒரு பெண், வேலையை விட்டுவிட்டு கணவருடன் டெக்சாஸ் போகிறார். கணவருக்கு எச்-1பி விசா. மனைவி என்ற முறையில் இவருக்கு எச்-4. மூன்று ஆண்டுகளில் உறவு முறிகிறது. "இதுல ஒரு கையெழுத்து போட்டுடு, சண்டை இல்லாம பிரிஞ்சிடலாம்" என்று கணவர் ஒரு பத்திரத்தை நீட்டுகிறார். தொல்லை விட்டால் போதும் என்று இவரும் போட்டுக் கொடுத்துவிடுகிறார். டெக்சாஸில் மனு தாக்கலாகி 60 நாட்கள் கழிந்தாலே விவாகரத்து டிக்ரி கிடைத்துவிடலாம்.

டிக்ரி வந்த அன்று கல்யாணம் மட்டும் முடியவில்லை. அமெரிக்காவில் தங்குவதற்கு அவருக்கு இருந்த அனுமதியும் அதோடு முடிந்துவிட்டது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நீதிமன்றம் ஏன் எச்சரிக்காது?

அமெரிக்காவில் திருமணம், விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு எல்லாம் அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் வருபவை. விசாவும் குடியேற்றமும் மத்திய அரசின் சட்டம். குடும்ப நீதிமன்ற நீதிபதி சொத்தைப் பிரிப்பார், ஜீவனாம்சம் பற்றி முடிவு செய்வார். உங்கள் விசா என்ன ஆகும் என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

வழக்கறிஞர்களிலும் இதே பிரிவு உண்டு. விவாகரத்து வழக்கு நடத்துபவருக்குக் குடியேற்றச் சட்டத்தின் நுணுக்கங்கள் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒருவரிடம் மட்டும் ஆலோசனை கேட்டுவிட்டு முடிவெடுத்தால் பாதிப் படம்தான் தெரியும்.

எச்-4: கல்யாணத்தோடு கட்டப்பட்ட விசா

எச்-4 என்பது சார்பு விசா. எச்-1பி வைத்திருப்பவரின் மனைவி அல்லது கணவர் என்ற உறவுதான் அதன் ஒரே ஆதாரம். சண்டை வந்தாலோ, தனித்தனி வீட்டில் இருந்தாலோ, வழக்கு நடந்துகொண்டிருந்தாலோ அது தானாக ரத்தாகாது. இறுதி டிக்ரி வரும் நாளில்தான் முடியும். எச்-4 அடிப்படையில் வாங்கிய வேலை அனுமதியும் கூடவே போய்விடும். 2015 முதல் அந்த அனுமதி தரப்படுகிறது. அதுவும் கணவரின் கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான்.

"ஒரு போன் போட்டா போதும், உன் விசாவை கேன்சல் பண்ணிடுவேன்" என்று மிரட்டும் கணவர்கள் உண்டு. அப்படி போன் போட்டு ரத்து செய்ய முடியாது. ஆனால் எச்-4 நீட்டிப்புக்குக் கணவரின் விசா ஆவணங்களும் சம்பள ரசீதுகளும் வேண்டும். அவற்றைத் தராமல் இழுத்தடிக்க அவரால் முடியும். கணவரின் வேலை போய் எச்-1பி முடிந்தாலும் எச்-4 நிற்காது.

அதனால் எச்-4இல் இருப்பவர், டிக்ரி வருவதற்கு முன்பே வேறு வழியைத் தேட வேண்டும். மாணவர் விசாவுக்கு மாறலாம், சொந்தமாக எச்-1பி பெற முயலலாம், ஊருக்குத் திரும்பும் ஏற்பாடுகளைச் செய்ய அவகாசம் வேண்டுமென்றால் சுற்றுலா விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்கலாம். எதுவானாலும் இப்போதைய அனுமதி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

கிரீன் கார்டு விஷயத்தில் கணக்கே வேறு

கணவரின் நிறுவனம் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தால், மனைவியும் அதே வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கிறார். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்த ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால் இந்தியர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கிரீன் கார்டு கைக்கு வருவதற்கு முந்தைய நாள் விவாகரத்து ஆனால்கூட, மனைவிக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. வந்த பிறகு ஆனால், கார்டு அவருடையதுதான். ஒரு தேதி முன்னே பின்னே போவதில் இத்தனை வித்தியாசம்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரையோ கிரீன் கார்டு வைத்திருப்பவரையோ மணந்தவர்களுக்குக் கதை தலைகீழ். திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் கிரீன் கார்டு பெற்றால், அது நிபந்தனைக்குட்பட்ட இரண்டு ஆண்டு கார்டு. விசாவுக்காகப் பொய்க் கல்யாணம் செய்வதைத் தடுக்க 1986இல் வந்த சட்டம் இது. கார்டு காலாவதியாகும் முன் கடைசி 90 நாட்களுக்குள் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஐ-751 என்ற படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் நிரந்தரமாகும்.

உறவு முறிந்துவிட்டால் கணவர் எப்படி வந்து கையெழுத்து போடுவார்? அதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. "உண்மையான எண்ணத்தோடுதான் மணந்தோம், அது நிலைக்கவில்லை" என்று நிரூபித்துத் தனியாக விண்ணப்பிக்கலாம். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், சேர்ந்து கட்டிய வருமான வரி, குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் இதற்கு ஆதாரம். ஆனால் விவாகரத்தைக் காரணமாகக் காட்டினால் இறுதி டிக்ரி வேண்டும்.

அதாவது, எச்-4இல் இருப்பவரின் வழியை அடைக்கும் அதே காகிதம், நிபந்தனை கார்டில் இருப்பவருக்கு வழியைத் திறக்கிறது. "என் ஃப்ரெண்டுக்கு டைவர்ஸ் ஆகியும் எந்தப் பிரச்சினையும் வரலையே" என்று யாராவது சொன்னால், அவர் எந்த விசாவில் இருந்தார் என்று முதலில் கேளுங்கள்.

கொடுமை நடந்தால்?

பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் அமெரிக்காவில் 1994இல் வந்தது. அதன்படி, குடியுரிமை உள்ளவரின் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவரின் கொடுமைக்கு ஆளான வாழ்க்கைத் துணை, அவருக்குத் தெரியாமலே சொந்தமாக கிரீன் கார்டுக்கு மனு போடலாம். அடி உதை மட்டுமல்ல, கடுமையான மனரீதியான கொடுமையும் கணக்கில் வரும். ஆண்களும் இதைப் பயன்படுத்தலாம். விவாகரத்து ஆகிவிட்டிருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

எச்-1பி கணவரிடம் கொடுமை அனுபவிப்பவருக்கு இந்த வழி இல்லை. கணவருக்கே கிரீன் கார்டு இல்லாதபோது மனைவிக்கு எங்கிருந்து வரும்? 2005இல் வந்த திருத்தம் அவருக்கு வேலை அனுமதி கேட்கும் உரிமையைக் கொடுத்தது, அவ்வளவுதான். குடும்ப வன்முறை குறித்துப் போலீஸில் புகார் செய்து விசாரணைக்கு ஒத்துழைப்பவர்கள் யு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் அது. காத்திருப்பு நீளம்.

பலருக்கும் தெரியாத ஐ-864

குடும்ப உறவின் அடிப்படையில் கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்பவர், ஐ-864 என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். வந்தவரின் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்துக்குக் கீழே போகாமல் தாங்குவேன் என்று அமெரிக்க அரசுக்கு அவர் கொடுக்கும் வாக்குறுதி அது. 2025 கணக்குப்படி தனி நபருக்கு இது ஆண்டுக்கு சுமார் 19,500 டாலர்.

விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு தீராது. ஸ்பான்சர் செய்யப்பட்டவர் குடியுரிமை பெற வேண்டும், அல்லது அவர் கணக்கில் சுமார் 10 ஆண்டு உழைப்பு சேர வேண்டும், அல்லது நாட்டை விட்டு நிரந்தரமாகப் போக வேண்டும், அல்லது இருவரில் ஒருவர் இறக்க வேண்டும். அதுவரை பத்திரம் உயிரோடு இருக்கும். பணம் தராவிட்டால் பிரிந்த மனைவியே நேரடியாக வழக்கு தொடரலாம். எச்-4இல் வந்தவருக்கு இப்படி ஒரு பத்திரமே கிடையாது.

அமெரிக்க டிக்ரி இந்தியாவில் செல்லுமா?

எல்லா நேரமும் செல்லாது. இதில் அடிப்படையான தீர்ப்பு 1991இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. திருப்பதியில் இந்து முறைப்படி நடந்த ஒரு திருமணத்தை, கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றத்தில் முறித்துக்கொண்டார். திருமணம் மீட்க முடியாத அளவு முறிந்துவிட்டது என்பது காரணம். அந்த டிக்ரியை ஏற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

வெளிநாட்டு நீதிமன்றத்துக்கும் இந்தியாவில் மதிப்பு கிடைக்கும் மூன்று சூழல்களையும் அது சொன்னது. ஒன்று, எதிர்த் தரப்பு நிரந்தரமாக வசிக்கும் இடத்தில் வழக்கு நடந்து, இந்தியத் திருமணச் சட்டம் ஏற்கும் காரணத்தால் விவாகரத்து கிடைத்திருக்க வேண்டும். இரண்டு, எதிர்த் தரப்பு தானாக முன்வந்து வாதாடியிருக்க வேண்டும். அப்போதும் காரணம் இந்தியச் சட்டத்தில் உள்ளதாக இருக்க வேண்டும். மூன்று, எதிர்த் தரப்பு விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும்.

இப்போது கோவைப் பெண்ணின் கதைக்குத் திரும்புவோம். "மனம் ஒத்துப்போகவில்லை" என்பது மட்டுமே டெக்சாஸில் போதுமான காரணம். இந்து திருமணச் சட்டத்தில் அது தனிக் காரணமாக இல்லை. எனவே அவர் சம்மதிக்காமல் வந்திருந்தால், அந்த டிக்ரி இங்கே செல்லாது என்று வாதிட அவருக்கு வலுவான இடம் இருந்திருக்கும். சம்மதித்துக் கையெழுத்திட்டபோது மூன்றாவது விதிவிலக்குக்குள் அவரே போய்விட்டார். அங்கே விசா போயிற்று, இங்கே வாதமும் போயிற்று. போட்டது ஒரே கையெழுத்து.

அதற்காக அமெரிக்க சம்மனைக் கிழித்துப் போடுவதும் புத்திசாலித்தனம் இல்லை. நீங்கள் போகாவிட்டாலும் அங்குள்ள சொத்து, ஜீவனாம்சம், குழந்தை பற்றிய முடிவுகள் ஒருதலைப்பட்சமாக வந்துவிடலாம். இங்கே செல்லாத டிக்ரியை நம்பி கணவர் மறுமணம் செய்துகொண்டால், அமெரிக்காவில் அவர் புது மாப்பிள்ளை, இந்தியாவில் இரண்டாம் திருமணக் குற்றச்சாட்டைச் சந்திக்க நேரிடலாம்.

ஜீவனாம்சமும் எல்லை தாண்டுவதில் சிரமப்படுகிறது. பிரிட்டன், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளின் நீதிமன்றத் தீர்ப்புகளை இந்தியாவில் நேரடியாக நிறைவேற்ற ஏற்பாடு உண்டு. அந்தப் பட்டியலில் அமெரிக்கா இல்லை. அமெரிக்கத் தீர்ப்பின் பணத்தை இங்கே வசூலிக்க, மூன்று ஆண்டுகளுக்குள் புதிதாக வழக்கு போட வேண்டும்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால்?

"கைக்குழந்தையோட அம்மா வீட்டுக்கு வந்துடு, மீதியைப் பாத்துக்கலாம்" என்று ஊரிலிருந்து சொல்வது இயல்பு. ஆனால் மற்ற பெற்றோரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தில் குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோவது 1993 முதல் அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். அப்படி வந்தவர் மீண்டும் அமெரிக்கா போகும்போது கைதாகும் அபாயம் உண்டு.

கடத்தப்பட்ட குழந்தையைச் சொந்த நாட்டுக்கு உடனே திருப்பி அனுப்பச் சொல்லும் 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு ஒரு அம்சம் மட்டுமே, குழந்தையின் நலனே முதன்மை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. எனவே இங்கே தாய்க்குச் சாதகமாகவும் முடியலாம், அங்கே அவர் மீது வாரன்ட்டும் இருக்கலாம். இடையில் மாட்டிக்கொள்வது குழந்தை.

என்ன செய்யலாம்?

* கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமானாலும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. பத்திரிகையும் ஆல்பமும் சான்றிதழுக்கு ஈடாகாது.

* கணவரின் விசா அனுமதிக் கடிதம், உங்கள் பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு, வரிக் கணக்கு ஆகியவற்றின் நகல்களை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்திருங்கள்.

* எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடும் முன் மூன்று பேரிடம் கேளுங்கள்: அந்த மாநிலத்தின் குடும்ப வழக்கறிஞர், குடியேற்ற வழக்கறிஞர், இந்தியாவில் ஒரு குடும்ப வழக்கறிஞர்.

* ஊருக்குத் திரும்பிவிட்டால், நீங்கள் இப்போது வசிக்கும் ஊரின் குடும்ப நீதிமன்றத்திலேயே மனைவி வழக்கு தொடரலாம். 2003 திருத்தம் அந்த உரிமையைத் தருகிறது.

* முந்தைய திருமணத்தை பாண்ட் பேப்பரில் எழுதி முறித்திருந்தால், அதை நம்பி மறுமணம் செய்து விசாவுக்கு விண்ணப்பிக்காதீர்கள். சாதி வழக்கம் என்று நிரூபிக்க முடியாவிட்டால் அந்த முறிவு நிற்காது. நீதிமன்ற டிக்ரியே பாதுகாப்பு.

* கைவிடப்பட்டவர்கள் தேசிய மகளிர் ஆணையத்தின் வெளிநாட்டு இந்தியர் பிரிவையும் அருகிலுள்ள இந்தியத் தூதரகத்தையும் அணுகலாம்.

வெளிநாட்டு இந்தியர் திருமணங்களை 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற மசோதா 2019இல் மாநிலங்களவையில் அறிமுகமானது; சட்டமாகவில்லை. இத்தகைய திருமணங்களுக்குத் தனி மத்தியச் சட்டம் வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் வரும்வரை, இப்போது இருக்கும் விதிகளை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அடுத்த முறை அமெரிக்க வரன் வரும்போது, "எந்த விசா, அதில் எனக்கு என்ன உரிமை?" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஜாதகத்தோடு சேர்த்துக் கேட்டுவிடலாம்.