டிவியில முடிஞ்ச கதை காமிக்ஸ்ல தொடர்ந்தா?

உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சீரிஸ் முடிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கோங்க. நாலு வருஷம் கழிச்சு ஒரு அறிவிப்பு வருது: அடுத்த சீசன் ரெடி, பழைய கிரியேட்டரே எழுதுறார். ஆனா டிவியில வராது, காமிக்ஸா வரும். நடிகர்கள் கிடையாது, குரல் கிடையாது, பின்னணி இசை கிடையாது. மாசத்துக்கு ஒரு இதழ், அதுல சுமார் 22 பக்கம் கதை.

சந்தோஷப்படுவீங்களா, இல்ல "இதெல்லாம் கணக்குல சேராது"ன்னு ஒதுக்கிடுவீங்களா?

அமெரிக்காவுல 2007-ல 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' ரசிகர்களுக்கு நிஜமாவே இந்தக் கேள்வி வந்தது. அவங்க முதல்ல கொண்டாடுனாங்க, அப்புறம் சண்டை போட்டாங்க. அந்தச் சண்டையைப் பத்திதான் இந்தக் கட்டுரை. ஸ்பாய்லர்கள் நிறைய வரும், இப்பவே சொல்லிடுறேன்.

முதல்ல கதைச் சுருக்கம்

பஃபி 1997 மார்ச்ல ஆரம்பிச்சு 2003 மே வரைக்கும் ஓடுன சீரிஸ். 7 சீசன், 144 எபிசோட். சன்னிடேல்னு ஒரு சின்ன ஊர். அங்க பள்ளிக்கூடம் போற ஒரு பொண்ணு ராத்திரியில வாம்பயர்களோட சண்டை போடுறா. ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு ஸ்லேயர்தான் இருக்க முடியும்ங்கிறது அந்த உலகத்தோட விதி. கடைசி எபிசோட்ல பஃபியும் அவ தோழி வில்லோவும் சேர்ந்து அந்த விதியையே உடைச்சுடுறாங்க. ஸ்லேயர் ஆகத் தகுதி இருக்கிற உலகத்துப் பொண்ணுங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல சக்தி வந்துடுது. சன்னிடேல் மண்ணுக்குள்ள போயிடுது, பஃபி சிரிக்கிறா, சீரிஸ் முடிஞ்சுது.

டார்க் ஹார்ஸ் நிறுவனம் 1998-லயிருந்தே பஃபி காமிக்ஸ் போட்டுக்கிட்டுதான் இருந்தது. ஆனா அதெல்லாம் கிளைக்கதைகள். படிச்சாலும் சரி, படிக்காட்டியும் சரி, மெயின் கதை மாறாது. 2007 மார்ச்ல வந்தது வேற மாதிரி. அட்டையிலேயே 'சீசன் 8'னு போட்டாங்க. சீரிஸை உருவாக்குன ஜாஸ் வீடனே முதல் கதையை எழுதுனார். டிவியில எழுதுன ட்ரூ காடர்ட் மாதிரியானவங்களும் பிறகு வந்து எழுதுனாங்க. அதாவது, "இதுதான் அடுத்து நிஜமா நடந்தது"ன்னு சொல்லிட்டாங்க. ரசிகர்கள் இதை 'கேனன்'னு சொல்வாங்க.

முதல் இதழ் ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல வித்தது, திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டியதாச்சு. வாழ்நாள்ல காமிக்ஸ் கடைக்குப் போகாதவங்ககூட இதுக்காகப் போனாங்க.

ஏன் காமிக்ஸ்?

காரணம் ரொம்ப சிம்பிள்: செலவு. டிவியில ஒரு டிராகன் வேணும்னா கிராஃபிக்ஸ் டீம் வேணும், நாள் கணக்கா வேலை, அதுக்குத் தகுந்த பணம். காமிக்ஸ்ல ஒருத்தர் டிராகன் வரையறதும் ஒண்ணுதான், நாற்காலி வரையறதும் ஒண்ணுதான். நடிகர்களோட கால்ஷீட் பிரச்சனை இல்ல, அவங்களுக்கு வயசாகிற பிரச்சனை இல்ல. டிவி சேனல் "போதும்"னு சொன்ன கதையைக் கொஞ்சம் பணத்துல தொடரலாம்.

அந்த சுதந்திரத்தை சீசன் 8 முழுசா பயன்படுத்திக்கிச்சு. பஃபி இப்போ ஸ்காட்லாந்துல ஒரு கோட்டையில இருக்கா, அவளுக்குக் கீழ நூத்துக்கணக்குல ஸ்லேயர்கள், ஹெலிகாப்டர்கள். தங்கச்சி டான் ஒரு மாயத்தால கட்டடம் உயரத்துக்கு வளர்ந்து நிக்கிறா. கதை டோக்கியோவுக்குப் போகுது, திபெத்துக்குப் போகுது. நீர்மூழ்கிக் கப்பல் வருது, பிரம்மாண்டமான தெய்வங்கள் மண்ணுல இருந்து எழுந்து வந்து ராணுவத்தோட மோதுது. கடைசியில பஃபி வானத்துல பறக்கவே ஆரம்பிச்சுடுறா.

படிக்கும்போதே உங்களுக்கு ஏதோ இடிக்குதா? ரசிகர்களுக்கும் இடிச்சது.

ரசிகர்களோட புகார்கள்

முதல் புகார், முகம். ஜோ சென் வரைஞ்ச அட்டைப்படங்கள் அசத்தலா இருக்கும், அதுல இருக்கிறது பஃபியேதான். உள்ள ஜார்ஜஸ் ஜீன்ட்டி வரைஞ்ச பக்கங்கள்ல அந்த அளவுக்கு நடிகர்களோட அச்சு அசல் சாயல் இருக்காது. பக்கத்துக்குப் பக்கம் போட்டோ மாதிரி வரைஞ்சா படம் உயிரில்லாம விறைச்சுக்கிட்டு நிக்கும்ங்கிறது ஓவியர்களோட பக்கத்து நியாயம். ஆனா 7 வருஷம் ஒரே முகங்களைப் பார்த்துப் பழகினவங்களுக்கு, "இவ யாரு, எந்த ஸ்லேயர்?"னு நின்னு யோசிக்க வேண்டியிருந்தது.

ரெண்டாவது, சத்தம். பஃபியில 'தி பாடி'ன்னு ஒரு எபிசோட் இருக்கு, 2001-ல வந்தது. பஃபியோட அம்மா இறந்துபோற எபிசோட். அதுல பின்னணி இசையே கிடையாது. அந்த அமைதிதான் நம்மள உலுக்கும். அதே வருஷம் முழு எபிசோடையும் பாட்டாவே எடுத்தாங்க. இந்த ரெண்டையுமே காமிக்ஸ்ல கொண்டுவர முடியாது. எல்லாப் பக்கமும் அமைதியா இருக்கிற ஊடகத்துல, அமைதியை வெச்சு யாரை அதிர வைக்க முடியும்?

மூணாவது, காலம். டிவியில 22 எபிசோட் ஒரு சீசன், செப்டம்பர்ல ஆரம்பிச்சா மே மாசம் முடிஞ்சுடும். சீசன் 8 மொத்தம் 40 இதழ். 2007 மார்ச்ல ஆரம்பிச்சு 2011 ஜனவரியிலதான் முடிஞ்சது. கிட்டத்தட்ட ஒரு பி.ஈ. டிகிரி! ஒரு இதழ் சுமார் 3 டாலர், மொத்தம் 120 டாலர் பக்கம். இருபது நிமிஷத்துல படிச்சு முடிச்சுட்டு ஒரு மாசம் காத்திருக்கணும். காத்திருக்கிற அந்த ஒரு மாசத்துல ரசிகர்கள் சும்மா இருப்பாங்களா?

அவங்க எவ்வளவு உன்னிப்பானவங்கன்னு ஒரு உதாரணம் சொல்றேன். டிவியில வாரன்னு ஒரு வில்லன், 6-வது சீசன்ல வில்லோ அவனோட தோலை உரிச்சுக் கொல்றா. காமிக்ஸ்ல அவன் உயிரோட வந்து நின்னான், அப்போ ஒருத்தி மாயத்தால காப்பாத்திட்டாளாம். ரசிகர்கள் உடனே பிடிச்சுக்கிட்டாங்க. 7-வது சீசன்ல 'ஃபர்ஸ்ட்'ங்கிற தீய சக்தி வாரன் உருவத்துல வந்ததே, அது செத்தவங்க உருவத்துல மட்டும்தானே வர முடியும்? அப்போ அவன் எப்படி உயிரோட இருக்க முடியும்? கடைசியில, ஒரு கணம் அவன் செத்துப் பிழைச்சான்னு விளக்கம் சொல்ல வேண்டியதாச்சு. இப்படிப்பட்ட கேள்விகளுக்குன்னே இதழோட பின்பக்கத்துல 'ஸ்லே த க்ரிட்டிக்ஸ்'னு ஒரு வாசகர் கடிதப் பகுதி இருந்தது. பாராட்டும் வரும், திட்டும் வரும்.

பெரிய வெடிப்பு

சீசன் முழுக்க 'ட்வைலைட்'னு முகமூடி போட்ட ஒரு வில்லன் வர்றான். அவன் யார்ங்கிறதுதான் மூணு வருஷ சஸ்பென்ஸ். 2010 ஜனவரியில, கதையில வெளிவர்றதுக்கு முன்னாடியே ரகசியம் கசிஞ்சுடுச்சு. அது ஏஞ்சல். பஃபியோட முதல் காதலன், தனி சீரிஸ்ல 5 சீசன் ஹீரோவா இருந்தவன். முடிவுக்குப் பக்கத்துல, 39-வது இதழ்ல, ட்வைலைட் சக்தியோட பிடியில இருந்த அவன் கையாலேயே ஜைல்ஸ் சாகிறார். பஃபிக்கு ஆசானா, அப்பா ஸ்தானத்துல இருந்த மனுஷன்.

வருத்தத்தைவிட கோபம்தான் ஜாஸ்தியா வந்தது. டிவியில அந்த நடிகரோட கண்ணையும் குரலையும் பார்த்துக் கலங்கியிருக்க வேண்டிய சாவு, சில பக்கங்கள்ல முடிஞ்சுபோச்சு.

இங்க எனக்கு நம்ம ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர்தான் ஞாபகம் வருது. லீனியர் ப்ரோக்ராமிங் கணக்குல கன்ஸ்ட்ரெய்ன்ட் எல்லாத்தையும் எடுத்துட்டா நல்ல விடை கிடைக்குமா? கிடைக்காது, அன்பவுண்டட் சொல்யூஷன்தான் வரும். பஃபிக்கும் அதுதான் நடந்தது. டிராகன் காட்டப் பணம் இல்லாததாலதான் டிவி பஃபி ஒரு நூலகத்துல அஞ்சாறு பேரை உட்கார வெச்சுப் பேசவிட்டது. ரசிகர்களுக்குப் பிடிச்சுப்போனது அந்தப் பேச்சுதான். பட்ஜெட் தடை போனதும், அந்தத் தடையால உருவான நல்ல விஷயமும் சேர்ந்து போச்சு.

இதை ஜாஸ் வீடனே புரிஞ்சுக்கிட்டார். 40-வது இதழோட கடைசியில ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அடுத்த சீசன்ல கதையைத் தரைக்குக் கொண்டுவர்றதாச் சொன்னார். சீசன் 9-ல பஃபி சான் ஃபிரான்சிஸ்கோவுல வாடகை கட்டக் கஷ்டப்படுற, காபி ஷாப்ல வேலை பார்க்கிற ஒரு சாதாரணப் பொண்ணு. மொத்தம் 25 இதழ்தான். ரசிகர்களோட முணுமுணுப்பு ஒரு கதையோட போக்கையே மாத்துனதுன்னு சொல்லலாம்.

இது 'நிஜமா' நடந்ததா?

"பிடிக்கலைன்னா கேனன் இல்லைன்னு விட்டுடலாமே?"ன்னு நீங்க கேட்கலாம். கேனன்னா என்னன்னு கொஞ்சம் தோண்டிப் பார்த்தா, அடியில இருக்கிறது ஒரு லைசென்ஸ் ஒப்பந்தம்.

ஏஞ்சல் சீரிஸையே எடுத்துக்கோங்க. 2004-ல அது கேன்சல் ஆனது. கடைசி காட்சியில ஒரு சந்துக்குள்ள, மழையில, ஒரு அரக்கப் படைக்கு எதிரா ஹீரோ வாளைத் தூக்குறான், அவ்வளவுதான். அதோட தொடர்ச்சியும் 2007-ல 'ஆஃப்டர் த ஃபால்'னு காமிக்ஸா வந்தது. ஆனா அந்த லைசென்ஸ் ஐடிடபிள்யூ கம்பெனிகிட்ட, பஃபி லைசென்ஸ் டார்க் ஹார்ஸ்கிட்ட. ஒரே உலகத்துக் கதாபாத்திரங்கள், ரெண்டு கம்பெனி. அதனால ரெண்டு கதையும் ஒண்ணை ஒண்ணு சரியாத் தொட்டுக்க முடியல.

'எக்ஸ்-ஃபைல்ஸ்' கதை இன்னும் வேடிக்கை. 2013-ல ஐடிடபிள்யூ அதோட 'சீசன் 10'ஐ காமிக்ஸா ஆரம்பிச்சது. சீரிஸை உருவாக்குன கிறிஸ் கார்ட்டர் பேரும் அதுல இருந்தது. ரசிகர்கள் நம்பிப் படிச்சாங்க. 2016 ஜனவரியில எக்ஸ்-ஃபைல்ஸ் டிவிக்கே திரும்பி வந்துடுச்சு, அதுவும் சீசன் 10-ஆ! காமிக்ஸ்ல நடந்த எதையும் டிவி கண்டுக்கல. மூணு வருஷமா காசு கொடுத்துப் படிச்ச 'நிஜம்' ஒரே ராத்திரியில இன்னொரு கற்பனையா மாறிடுச்சு. அட்டையில போடுற 'சீசன் 10'ங்கிற நம்பர் ஒரு சத்தியம் இல்ல, உரிமை வெச்சிருக்கிறவங்க மனசு மாறுற வரைக்கும்தான் அது செல்லும்.

நல்லா நடந்த இடம்

இதெல்லாம் படிச்சுட்டு டிவி கதை காமிக்ஸ்ல தேறவே தேறாதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. நம்மள்ல நிறைய பேர் பார்த்த 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' இருக்கே. 61 எபிசோட், 2008-ல முடிஞ்சது. 2012-ல 'த ப்ராமிஸ்'னு அதோட தொடர்ச்சி காமிக்ஸா வந்தது. எழுதுனவர் ஜீன் லுவென் யாங், ஓவியம் குரிஹிரு. அவதாரை 2010-ல படமா எடுத்தப்போ, ஆசிய முகங்கள் இருக்க வேண்டிய இடத்துல வெள்ளைக்கார நடிகர்களைப் போட்டதை எதிர்த்துக் காமிக்ஸ் வரைஞ்ச ரசிகர் இந்த யாங். அந்த ரசிகர் கையிலதான் கதையைக் கொடுத்தாங்க.

இது ஏன் ஓரளவு நல்லா போச்சு? ஒண்ணு, மூலமே வரைஞ்ச முகங்கள். சாயல் சண்டை வராது. இன்னொண்ணு, ஒவ்வொரு கதையும் மூணே புத்தகம், எங்க முடியணும்னு முன்னாடியே தெரியும். எல்லாத்தையும்விட முக்கியமானது, டிவி பாக்கி வெச்ச கடனை மட்டும் அடைச்சாங்க. போர் முடிஞ்சுபோச்சு சரி, நூறு வருஷமா ஃபயர் நேஷன் பிடிச்சு வெச்சிருந்த ஊர்கள் என்ன ஆகும்? ரெண்டு நாட்டு மக்களும் கல்யாணம் பண்ணிக் கலந்து வாழற ஒரு ஊரை எப்படிப் பிரிப்பீங்க? 'த ப்ராமிஸ்' முழுக்க இந்தக் கேள்விதான். டிவியோட கடைசியில ஸுக்கோ அப்பாகிட்ட "என் அம்மா எங்க?"ன்னு கேட்பானே, அதுக்குப் பதில் 2013-ல வந்த 'த சர்ச்'. அந்தப் பதில் எல்லாருக்கும் பிடிச்சுதுன்னு சொல்ல முடியாது. ஆனா கேள்வி நம்மகிட்ட ஏற்கெனவே இருந்தது.

'கோரா'வும் அப்படித்தான். 2014-ல கடைசி காட்சியில கோராவும் அசாமியும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறதோட கதை நின்னுது. அவங்க காதலர்கள்னு கிரியேட்டர்கள் வெளியில வந்து சொல்ல வேண்டியிருந்தது. 2017-ல வந்த 'டர்ஃப் வார்ஸ்' அந்த இடத்துலயே ஆரம்பிச்சு, டிவி காட்டாததைத் தயங்காம காட்டுச்சு.

அப்போ என்ன பண்ணலாம்?

உங்க சீரிஸும் ஒருநாள் காமிக்ஸா வரலாம். அப்போ "இது கேனனா?"ன்னு கேட்கிறதை விட, "டிவி பாக்கி வெச்ச எந்தக் கடனை இது அடைக்குது?"ன்னு கேட்டுப் பாருங்க. பதில் இருந்தா தைரியமாப் படிங்க. "இப்போ பட்ஜெட் தொல்லை இல்ல" மட்டும்தான் பதில்னா, முதல் நாலு இதழோட நிறுத்திக்கலாம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் சிபாரிசு 'த ப்ராமிஸ்'. அவதார் பார்த்திருந்தா போதும், ஒரு சாயங்காலத்துல முடிச்சுடலாம். பஃபி வேணும்னா முதல்ல 7 சீசனையும் பார்த்துடுங்க. அப்புறம் சீசன் 8-ஐ எடுங்க, டான் கட்டடம் உயரத்துக்கு நிக்கிற பக்கம் வரும்போது நீங்க எந்தக் கட்சின்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.