ஹோம் தியேட்டர்ல 'ம்ம்ம்' சத்தமா? 24,000 ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க



போனஸ் வந்துச்சு, ரொம்ப நாள் ஆசைப்பட்ட ஹோம் தியேட்டரை வாங்கிட்டீங்க. ஒயரெல்லாம் மாட்டி, லைட்டை அணைச்சுட்டு உட்கார்ந்தா, படத்துல யாரும் பேசாத இடத்துல எல்லாம் சப்வூஃபர்ல இருந்து 'ம்ம்ம்ம்'னு ஒரு சத்தம். கடைக்குப் போன் போட்டா, "உங்க வீட்டு கரண்ட் சரியில்ல சார். ஒரு பவர் கண்டிஷனர் போட்டுடுங்க. மாசம் 2,000 ரூபாய்தான், நோ காஸ்ட் இ.எம்.ஐ" அப்படின்னு பதில் வரும்.

நானும் ஒரு தடவை இந்தப் பேச்சை நம்பி வாங்கினேன். 60,000 ரூபாய் செட்டுக்கு 24,000 ரூபாய் பெட்டி! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். மாட்டின அன்னைக்கு ராத்திரியும் அதே 'ம்ம்ம்'. கடைசியில சத்தத்தை நிறுத்தினது சில நூறு ரூபாய்க்கு வாங்கின ஒரு ஆப்டிகல் கேபிள். ஆனா இ.எம்.ஐ மட்டும் 12 மாசம் போய்க்கிட்டே இருந்துச்சு.

சத்தம் எங்கிருந்து வருது?

நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் இந்த 'ம்ம்ம்'க்குக் காரணம் 'கிரவுண்ட் லூப்'. உங்க ஆம்ப் ஹால் சாக்கெட் வழியா எர்த் ஆகுது. கேபிள் டிவி ஒயர் தெருவுல வேற எங்கேயோ எர்த் ஆகி வருது. ரெண்டு எர்த்துக்கும் நடுவுல சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே போதும், ஆடியோ கேபிளோட வெளிச்சுத்து வழியா கொஞ்சம் கரண்ட் ஓடும். அதையும் பாட்டுன்னு நினைச்சு ஆம்ப் பெருசாக்கிக் கொடுத்துடும்.

இப்போ பவர் கண்டிஷனரைப் பாருங்க. அதுக்குள்ள இருக்கிற ஃபில்டர் தடுக்கிறது 50 ஹெர்ட்ஸைவிட ரொம்ப மேல இருக்கிற இரைச்சலை. 50 ஹெர்ட்ஸைத் தடுத்தா கரண்டே வராதே! அதோட, லூப் ஓடுறது ஆடியோ கேபிள்ல. பிளக் பாயின்ட்ல பெட்டி வச்சு என்ன பிரயோஜனம்?

காசு செலவில்லாத 4 டெஸ்ட்

ஒயரைக் கழட்டும்போதும் மாட்டும்போதும் ஆம்ப்பை ஆஃப் பண்ணிடுங்க.

1. காதை வச்சுக் கேளுங்க. ஸ்பீக்கர்ல வராம ஆம்ப் பெட்டியே 'ம்ம்ம்'னு அதிர்ந்தா, அது உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் சத்தம். வாரன்டி இருக்கும்போதே சர்வீஸுக்குச் சொல்லுங்க.

2. ஆம்ப்புக்கு வர்ற எல்லா ஆடியோ, ஹெச்.டி.எம்.ஐ ஒயரையும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. அப்பவும் ஸ்பீக்கர்ல சத்தம் வந்தா சந்தேகம் ஆம்ப் மேல. நின்னுட்டா, ஒண்ணொண்ணா திரும்ப மாட்டுங்க. எதை மாட்டும்போது சத்தம் வருதோ, அதுதான் ஆள்.

3. கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரை செட்டாப் பாக்ஸ்ல இருந்து கழட்டிப் பாருங்க. நிறைய வீடுகள்ல கதை இங்கேயே முடிஞ்சுடும்.

4. டிவி, ஆம்ப், சப்வூஃபர் எல்லாத்தையும் ஒரே சாக்கெட்ல இருந்து, ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டிப் பாருங்க. எர்த் ஒரே இடத்துல சேர்ந்தா லூப் சின்னதாகும்.

சில நூறு ரூபாய்ல முடியுற வைத்தியம்

டிவி வழியா லூப் வருதுன்னா ஆப்டிகல் கேபிள் போடுங்க. அதுல போறது வெளிச்சம், செம்பே கிடையாது. லூப் அங்கேயே அறுந்துடும். ஒரு குறை, டால்பி டிஜிட்டல் 5.1 போகும், அட்மாஸ் போகாது. சப்வூஃபர் ஒயர்ல வந்தா கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் வாங்குங்க. மட்டமானதை வாங்கினா பேஸ் குறையும், அதனால ரிட்டர்ன் வசதி இருக்கிற இடத்துல வாங்குங்க. டிஷ் ஒயர்ல மட்டும் சாதாரண ஐசோலேட்டரைப் போடாதீங்க. மாடியில இருக்கிற எல்.என்.பி-க்கு அந்த ஒயர்லதான் கரண்ட் போகுது, சேனலே வராது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. "மூணு பின் பிளக்ல எர்த் பின்னை உடைச்சுடுங்க, சத்தம் போயிடும்"னு யாராவது சொல்வாங்க. சத்தம் போகலாம். ஆனா உள்ளே ஒரு ஒயர் பாடியில பட்டா, தொடுறவங்க உயிரும் போகலாம். ஆம்ப் பாடியைத் தொடும்போது சுர்ருன்னு இருந்தா உங்க வீட்டு எர்த்துல கோளாறு இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. முதல்ல பண்ண வேண்டிய செலவு அதுதான்.

அப்போ எதுக்கு எதை வாங்கணும்?

• வோல்டேஜ் ஏறி இறங்குதா? ஸ்டெபிலைசர். அதுக்கு முன்னாடி டிவி, ஆம்ப் பின்னாடி லேபிளைப் பாருங்க. 100–240 வோல்ட்னு போட்டிருந்தா, லோ வோல்டேஜை அதுவே சமாளிச்சுக்கும்.

• திடீர்னு ஸ்பைக் வந்து போர்டு போயிடுமோன்னு பயமா? ஜூல் அளவு போட்ட, இண்டிகேட்டர் இருக்கிற சர்ஜ் புரொடெக்டர். உள்ளே இருக்கிற பாகம் அடி வாங்கி வாங்கித் தேயும். இண்டிகேட்டர் அணைஞ்சா மாத்திடுங்க. இடி இடிச்சா பிளக்கையே கழட்டுங்க.

• பவர் கட் நேரத்துல மட்டும் இரைச்சலா? உங்க இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா இருக்கலாம். அடுத்த தடவை மாத்தும்போது சைன் வேவ் வாங்குங்க.

• ஃபேன் ரெகுலேட்டர், எல்.இ.டி டிம்மர் போட்டா 'கிர்ர்'னு சத்தம் வருதா? இங்கேதான் ஃபில்டர் இருக்கிற கண்டிஷனர் உதவலாம். அதுக்கும் முன்னாடி அந்த டிம்மரை மாத்திப் பாருங்க, செலவு குறைவு.

நான் இப்போ வச்சிருக்கிற கணக்கு இது: செட்டோட விலையில 10 சதவீதத்துக்கு மேல பாதுகாப்புப் பெட்டிக்குப் போகக்கூடாது. 60,000 ரூபாய் செட்டுன்னா 6,000 ரூபாய், அவ்வளவுதான். அதையும் வீட்டுல மாட்டிப் பார்த்துட்டு திருப்பிக் கொடுக்க முடியும்னாதான் வாங்குங்க.

அந்த நோ காஸ்ட் இ.எம்.ஐ-யையும் கவனிங்க. கிரெடிட் கார்டுல வட்டிக்குச் சமமா தள்ளுபடி கொடுப்பாங்க, சரி. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி-யும், பேங்க் போடுற பிராசஸிங் ஃபீஸும் உங்க தலையிலதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி அந்த நாலு டெஸ்ட்டையும் பண்ணுங்க. மாசம் 2,000 ரூபாய் கட்டத் தெம்பு இருக்குன்னா, அந்தக் காசு உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும். அடுத்த பதிவுல சந்திப்போம்!