குழந்தைக்காக ஓர் உயில்

ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்துள்ள படவேடு ரேணுகாம்பாள், ஆரணி வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குலதெய்வம். ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய அந்த ஊருக்கு, இன்று குழந்தைகளுக்கு முடி இறக்கிக் காது குத்துவதற்காகக் குடும்பங்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. எங்கள் மகளுக்கும் அங்குதான் காது குத்தினோம். வழக்கப்படி அவளைத் தாய்மாமன் மடியில் அமர்த்தினோம்.

"பெற்றவர்களுக்கு ஒன்று என்றால் நான் இருக்கிறேன் என்று மாமன் ஊரறியச் சொல்வதுதான் இது" என்று பட்டு நெசவாளியான என் தந்தை அச்சடங்குக்குப் பொருள் கூறுவார். ஆனால், ஊரறியச் சொன்ன அந்தச் சொல்லைச் சட்டம் அறியாது.

இதை எங்கள் உறவில் நேர்ந்த ஒரு துயரத்துக்குப் பிறகே உணர்ந்தேன். கணவர் நோயால் இறந்தார். ஒன்றரை ஆண்டுக்குள் மனைவியும் சாலை விபத்தில் மறைந்தார். அவர்களின் மகனுக்கு அப்போது வயது ஆறு. தாய்மாமனும் சித்தப்பாவும் "குழந்தை எங்களிடம் வளரட்டும்" என்றனர். இருவருமே நல்லவர்கள், இருவருக்குமே அவன் மீது அன்பு உண்டு. அந்த அன்பே வழக்காக மாறியது. மூன்று ஆண்டுகள் அச்சிறுவன் இரு வீடுகளிலும் மாறி மாறி வளர்ந்தான். இரண்டு பள்ளிகள் மாறினான். தறிக்குழியோடு கூடிய அவனது வீடு மழையில் ஒழுகியது. அதை அடமானம் வைத்துப் பழுதுபார்க்க இருவரில் எவருக்கும் சட்டப்படி உரிமை இல்லை. நீதிமன்றத்தில், "பெற்றோர் தங்கள் விருப்பத்தை எங்கேனும் எழுதி வைத்திருக்கிறார்களா?" என்று கேட்கப்பட்டபோது, இரு தரப்பிலும் பதில் இல்லை.

இளம் பெற்றோர் இருவரும் மறைவது அரிதினும் அரிது என நாம் ஆறுதல் கொள்கிறோம். கரோனா காலம் அந்த ஆறுதலைப் பறித்தது. இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் தலா ரூ.5 லட்சம் வைப்பீடு செய்யப்படும் என்றும், உறவினர் அரவணைப்பில் வளர்வோருக்கு மாதம் ரூ.3,000 வழங்கப்படும் என்றும் 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. அரசு உதவித்தொகை தரலாம். குழந்தை யாருடைய அரவணைப்பில் வளர வேண்டும் என்பதைப் பெற்றோரே அல்லவா சொல்ல வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, மைனர் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் 'பின்' தாய். இந்தப் 'பின்' என்ற சொல்லை எதிர்த்து வழக்காடியவர் எழுத்தாளர் கீதா ஹரிஹரன். மைனர் மகனின் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க அவர் விண்ணப்பித்தபோது, தாயின் கையொப்பம் ஏற்கப்படவில்லை. தந்தை இறந்த பிறகு மட்டுமல்ல, அவர் பொறுப்பேற்காத நிலையிலும் தாய் காப்பாளராகலாம் என 1999 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அச்சொல்லுக்கு விளக்கம் அளித்தது.

பெற்றோரைத் தவிர தாத்தா, பாட்டி, மாமன், சித்தப்பா, அத்தை என எவரும் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் அல்லர். உரிமை கோருபவர் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தையே நாட வேண்டும். குழந்தையின் நலனை முதன்மையாகக் கொண்டு முடிவெடுக்கும் நீதிமன்றம், உறவின் நெருக்கம், காப்பாளராக வர விரும்புபவரின் தகுதி ஆகியவற்றோடு மறைந்த பெற்றோரின் விருப்பத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அச்சட்டம். அந்த விருப்பத்தைப் பதிவு செய்ய ஏற்ற இடம் உயில்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, பெற்றோர் உயில் மூலம் காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. வளர்ப்பதற்கு ஒருவரையும் சொத்தைப் பராமரிக்க வேறொருவரையும் நியமிக்கலாம். இதில் பலரும் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. தந்தை உயிலில் ஒருவரை நியமித்துவிட்டு இறந்தாலும், தாய் உயிருடன் இருக்கும்வரை அந்த நியமனம் செயல்படாது. பின்னர் தாய் வேறொருவரை உயிலில் நியமித்திருந்தால் அதுவே நிற்கும். நியமிக்காமல் இறந்தால் மட்டுமே தந்தையின் நியமனம் உயிர்பெறும். எனவே, கணவனும் மனைவியும் கலந்து பேசி, தனித்தனி உயில்களில் ஒரே பெயரை எழுதுவதே குழப்பத்தைத் தவிர்க்கும். இஸ்லாமியர், கிறிஸ்தவர் ஆகியோருக்கான விதிகள் வேறு என்பதால் அவர்கள் வழக்குரைஞரின் ஆலோசனையைப் பெறுவது நன்று.

"உயில் எழுத எங்களிடம் என்ன இருக்கிறது?" என்பது நெசவாளர் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஒரு தறி, ஒரு சிறு வீடு, கூட்டுறவுச் சங்கத்தில் கொஞ்சம் சேமிப்பு, சில பவுன் நகை. சொத்து சிறிதாக இருக்கும் இடத்தில்தான் அது முடங்கினால் குடும்பமே முடங்குகிறது.

கணவர் இறந்தால் எல்லாம் மனைவிக்கே சேரும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. உயில் இல்லையெனில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவரது சொத்து மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். ஒரு குழந்தை மட்டும் இருந்தால் வீடு மூன்று பங்காகும். குழந்தையின் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ, பெற்ற தாயே ஆனாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற வேண்டும். ஆகவே, 'என் சொத்து என் மனைவிக்கு. அவர் எனக்கு முன் மறைந்தால் என் குழந்தைக்கு' என்ற ஒரு வரி பெரும் அலைச்சலைத் தவிர்க்கும். வயதான தாயின் பராமரிப்புக்கும் அதிலேயே வழி செய்துவிடலாம்.

வங்கிக் கணக்கில் நாமினி இருக்கிறாரே என்றும் கேட்கலாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், உரிமையாளர் வாரிசுதாரரே. நிறுவனப் பங்குகளுக்கான நாமினி நியமனம் வாரிசுரிமைச் சட்டத்தை மீறாது என 2023 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உயில் எழுதுவது கடினமன்று. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் 18 வயது நிரம்பியவராகவும் தெளிந்த மனநிலையில் உள்ளவராகவும் இருக்க வேண்டும். அவர் கையொப்பமிடுவதை நேரில் கண்ட குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். சிக்கல் எழுந்தால் சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்க வேண்டியிருக்கும் என்பதால், நம்மைவிட இளையவர்களாகவும் உயிலால் பயனடையாதவர்களாகவும் இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை. எனினும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் நகல் தொலைந்தாலும் ஆவணம் நிலைக்கும். வாழ்நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசி உயிலே செல்லும்.

எழுத்தைவிடக் கடினமானது முடிவு. என் மனைவியின் தம்பியா, என் அக்காவா என்று நாங்கள் இரண்டு மாதங்கள் விவாதித்தோம். சில இரவுகளில் அந்தப் பேச்சு மனக்கசப்பில் முடிந்தது. யாருக்கு அன்பு அதிகம் என்று பேசியவரை முடிவு எட்டவில்லை. யாருடைய வீட்டில் அவள் பள்ளி மாறாமல், பழகிய முகங்களோடு வளர முடியும் என்று கேட்ட பிறகே தெளிவு பிறந்தது. வளர்க்கும் பொறுப்பை மாமனுக்கும், சொத்தைக் கவனிக்கும் பொறுப்பை அக்காவுக்கும் அளித்தோம்.

இதைக் கேட்ட என் தாய், "நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது?" என்று கடிந்துகொண்டார். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்ற அச்சம் அவர் தலைமுறையோடு முடிந்துவிடவில்லை. மறுநாள் அவரே, "எனக்கும் மருந்துச் செலவுக்கு ஒரு வரி எழுதிவிடு" என்றார்.

மைத்துனரிடம் ஒப்புதல் கேட்கச் சென்றபோது அவர் சற்று வருந்தினார். "மடியில் உட்கார வைத்த அன்றே ஒப்புக்கொண்டேனே மாமா, இதற்கு எழுத்து எதற்கு?" என்றார். ஆறு வயதில் பெற்றோரை இழந்த அந்தச் சிறுவனை அவருக்கும் தெரியும். அவனுடைய மாமனும் அவனை இதே படவேட்டில் மடியில் அமர்த்தியவர்தான் என்று நினைவூட்டினேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், உயிலை எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டார்.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கும் காதணி விழாவுக்கும் மாதக்கணக்கில் திட்டமிடுகிறோம். அந்த நாள்களில் ஒன்றை இந்த ஒரு தாளுக்காகவும் ஒதுக்கலாம். அந்தத் தாள் பிரிக்கப்படாமலேயே நம் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகட்டும்.