பாசியில் எண்ணெய் கொஞ்சம், மற்றதுதான் அதிகம்

நிபோங் திபால்: பைராம் தோட்டத்திலும் அதைச் சுற்றியுள்ள தென் செபராங் பிறை தோட்டங்களிலும் வளர்ந்தவர்களுக்குப் பாசி என்றால் காலை வழுக்கிவிடும் பொருள். வாய்க்கால் ஓரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் படிந்து, அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டிய தொல்லை. அந்தப் பாசியிலிருந்து டீசல் எடுக்க முடியுமா என்ற ஆராய்ச்சி எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடக்கவில்லை. இதே நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலும் நடந்திருக்கிறது.

அங்குள்ள வேதிப் பொறியியல் துறை ஆய்வாளர்கள் லாம் மான் கீ, லீ கீட் தியோங் இருவரும் குளோரெல்லா எனும் நுண்பாசியை இரசாயன உரத்துக்குப் பதிலாக மக்கிய உரத்தில் வளர்த்துப் பார்த்தவர்கள். பாசி எரிபொருளின் சிக்கல்களை அலசி 2012-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் கசப்பான ஒரு கணக்கு இருந்தது. பாசியை வளர்த்து, வடித்து, உலர்த்தி, எண்ணெய் எடுக்கச் செலவாகும் சக்தி, கிடைக்கும் டீசலில் உள்ள சக்தியையே மிஞ்சிவிடக்கூடும் என்பதுதான் அது.

ஏன் இப்படி? திறந்த குளத்தில் வளரும் பாசி பார்வைக்குப் பச்சைப் பசேலென்று கெட்டியாகத் தெரியும். உண்மையில் 1,000 லிட்டர் தண்ணீரை வடித்தால் உலர்ந்த பாசி அரை கிலோ அளவில்தான் தேறும். அதில் எண்ணெய் 20 முதல் 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 100 முதல் 150 கிராம். அதற்காக ஒரு டன் தண்ணீரைக் கலக்கி, இறைத்து, சுழற்றி, காயவைக்க வேண்டும். மீதம் 350 கிராமுக்கு மேல் கையில் நிற்கிறது. அதை என்ன செய்வது என்பதில்தான் தொழிலின் தலையெழுத்தே இருக்கிறது.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய கணக்கு அல்ல. எள்ளைச் செக்கில் ஆட்டினால் எண்ணெயோடு புண்ணாக்கும் வரும். செம்பனை ஆலையிலும் கொட்டைப் புண்ணாக்கு மாட்டுத் தீவனமாகிறது, நாரும் ஓடும் கொதிகலனில் எரிகின்றன, வெறுங்குலை மீண்டும் மரத்தடிக்கே உரமாகப் போகிறது. பாசிக்கும் ஒரு புண்ணாக்கு உண்டு. ஆனால் அதன் மதிப்பு எண்ணெயைவிடக் கூடுதலாக இருப்பதுதான் வேடிக்கை.

முதலில் புரதம். ஸ்பைருலினாவின் உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம்தான். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் இந்தப் பாசியைக் குளங்களில் பயிரிட்டு உலகச் சந்தைக்கு அனுப்புகிறது. அதற்கு முன்பே, சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி கிராமத்துப் பெண்கள் கையாளக்கூடிய சிறு அளவில் இதை வளர்க்க வழி கண்டார். 1990-களின் தொடக்கத்தில் சுமார் 5,000 சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் கொடுத்துப் பார்த்ததில், வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் விழும் வெண்புள்ளிகள் குறைந்ததாக அவர் பதிவு செய்தார். அந்தக் குளங்கள் டீசலுக்காக வெட்டப்பட்டவை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்து நிறம். மிட்டாய்களில் வரும் இயற்கை நீலம் ஸ்பைருலினாவிலிருந்து எடுக்கப்படுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் இதற்கு அனுமதி தந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் உப்பு ஏரி இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு டுனாலியல்லா என்ற பாசி காரணம். கேரட்டில் உள்ள அதே பீட்டா கரோட்டின் அங்கே வணிக அளவில் பிரித்தெடுக்கப்படுகிறது. பண்ணை சால்மன் மீனுக்குச் செந்நிறம் தரும் பொருளைத் தரும் பாசியும் உண்டு. மீன் எண்ணெயில் இருப்பதாக நாம் தேடும் ஒமேகா-3 கொழுப்புகூட மீன் தானாகச் சமைத்ததல்ல, பாசி வழியாக அதன் உடலுக்குள் போனதுதான். சைவர்கள் நேரடியாகப் பாசி எண்ணெயையே வாங்கலாம்.

நம் கடலோரத்துக்கு நெருக்கமான பயன் ஒன்று இருக்கிறது. இறால் குஞ்சுப் பண்ணைகளில் பொரித்த புதிதில் குஞ்சுகளுக்கு உயிருள்ள நுண்பாசிதான் முதல் தீனி. கீட்டோசெரஸ், நானோகுளோராப்சிஸ் போன்றவற்றைப் பண்ணைக்காரர்கள் தாங்களே வளர்த்துக்கொள்கிறார்கள். தீவனம் என்ற முறையில் பாசிக்கு ஏற்கெனவே இங்கே ஒரு பிழைப்பு இருக்கிறது.

பிறகு கழிவுநீர். செம்பனை ஆலைக் குளங்களின் நாற்றத்தை விவரிக்கத் தேவையில்லை. ஒரு டன் கச்சா எண்ணெய்க்கு இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவுநீர் வெளியேறுகிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆற்றுக்குப் போனால் கேடு, பாசிக்குப் போனால் உரம். ஆனால் அந்த நீரின் கருமை வெயிலை உள்ளே விடாது. முதலில் மூடிய குளத்தில் எரிவாயு எடுத்து, மிஞ்சிய நீரை மேலும் நீர்த்துத்தான் பாசிக்குத் தர முடியும். எண்ணெய் எடுத்த பாசிச் சக்கையையும் அதே எரிவாயுக் குளத்தில் போடலாம். ஒன்று மட்டும்: இப்படிக் கழிவுநீரில் வளர்ந்த பாசியை மனிதர் உண்ணும் மாத்திரையாக்கக் கூடாது. நீரைச் சுத்தம் செய்யும் பாசி வேறு, தட்டுக்கு வரும் பாசி வேறு. இரண்டு இலாபத்தையும் ஒரே குளத்தில் காட்டும் விளம்பரங்களைப் பார்த்தால் சந்தேகப்படுவதே நல்லது.

சரவாக்கில் பெரிய முயற்சி ஒன்று நடந்துவருகிறது. கூச்சிங் அருகே செஜிங்காட் நிலக்கரி மின்நிலையத்தின் புகையில் உள்ள கரியமில வாயுவைக் கொண்டு, ஐந்து ஹெக்டரில் பாசி வளர்க்கும் நிலையத்தை ஜப்பானின் சித்தோசே குழுமம் 2023-இல் திறந்தது. ஒரு கிலோ பாசி வளர ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு தேவைப்படுகிறது. அங்கும் எரிபொருள் பல பொருட்களில் ஒன்று மட்டுமே. உணவு, தீவனம், பிளாஸ்டிக் மூலப்பொருள் என்று எல்லாவற்றையும் சேர்த்தே திட்டம் போடப்பட்டிருக்கிறது.

எரிபொருளை மட்டும் நம்பி இறங்கியவர்களின் கதை வேறு. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை பாசி டீசலை ஆராய்ந்து, கச்சா எண்ணெயோடு விலையில் போட்டியிட முடியாது என்று கைவிட்டது. சோலாசைம் நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்குப் பாசி எரிபொருள் கொடுத்துப் பேர் வாங்கியது. பிறகு அழகுப் பொருள், உணவு என்று திரும்பி, பெயரையும் மாற்றிக்கொண்டு, 2017-இல் திவாலானது.

அப்படியானால் துணைப்பொருளை விற்று டீசலைக் காப்பாற்றிவிடலாமே என்று தோன்றும். அதிலும் முடிச்சு இருக்கிறது. எந்த எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்தாலும் 100 கிலோவுக்குச் சுமார் பத்து கிலோ கிளிசரின் வரும். சோப்புக்கும் மருந்துக்கும் வேண்டிய பொருள்தான். ஆனால் 2000-களில் பயோடீசல் ஆலைகள் பெருகியபோது கிளிசரின் குவிந்து விலை விழுந்தது. நீல நிறத்துக்கும் அதே கதி நேரலாம். மிட்டாய்க்கு வேண்டிய நீலம் உலகத்துக்கே எவ்வளவு? லாரிகள் குடிக்கும் டீசல் எவ்வளவு? ஒரு நாட்டுக்குப் போதுமான டீசலைப் பாசியில் எடுத்தால், உடன் வரும் நிறமியை வாங்க ஆளிருக்காது. புரதமும் தீவனமும் மட்டுமே அந்த அளவுக்கு ஈடுகொடுக்கக்கூடிய சந்தைகள், அவற்றின் விலையோ குறைவு.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 காசாக உயர்ந்தபோது முணுமுணுக்காத லாரிக்காரர் இல்லை. மருந்துக் கடையில் ஸ்பைருலினா புட்டியின் விலையை அதோடு ஒப்பிட்டால், பாசி வளர்ப்பவர்கள் ஏன் டீசல் பக்கம் போவதில்லை என்பது விளங்கும்.

அந்தப் புட்டியை வாங்குவோருக்கு ஒரு தகவல். ஸ்பைருலினாவில் வைட்டமின் பி12 நிறைய இருப்பதாகச் சொல்வதுண்டு. அதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வகை. சைவ உணவுக்காரர்கள் அதை நம்பி பி12 மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வாய்க்காலிலும் குட்டையிலும் தானாக மிதக்கும் பச்சைப் பாசியை அள்ளிக் காயவைக்கும் யோசனையும் வேண்டாம். சில நீலப்பச்சைப் பாசிகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரப்பவை. அவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.